நாற்பத்தொரு வினாடி

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பெய்தது என்றுதான் இத்தனை வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் ஷூவில் ஒட்டியிருந்த சேறும், மண்டபத்து வாசலில் சாய்த்து வைத்திருந்த குடைகளும் கண்முன் நிற்கின்றன. நேற்று இதை என் மனைவியிடம் சொன்னேன்.

"வெயில் மண்டையப் பொளந்துச்சு. நீங்க வேற ஏதோ நாளச் சொல்றீங்க" என்றாள்.

அவள் சொல்வது சரியாக இருக்கலாம். அக்காவிடம் நான் உண்மையைச் சொன்னது மாடிப்படியிலா, அதற்குப் பக்கத்திலிருந்த நடையிலா என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. மாடிப்படி என்றே எழுதப்போகிறேன். ஒரே ஒரு எண் மட்டும் தவறாது. நாற்பத்தொன்று. அதை நான் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒலிப்பதிவில் இருக்கிறது.

இத்தனை வாரங்களாகக் கூடவே வருகிறவர்களுக்கு அக்காவைத் தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சமூகவியலாளர். நன்றாக இருக்கிற மனிதரின் உடம்பையும் மூளையையும் மருந்தாலும் கருவியாலும் இன்னும் கொஞ்சம் மேம்படுத்தலாமா, மேம்படுத்தினால் அதை யார் கேட்டார்கள், யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதை ஆராய்வதுதான் அவள் வேலை. அவள் இதைத் தொடங்கிய காலத்தில் பல்கலைக்கழகத்திலேயே பலர் சிரித்தார்கள். "இல்லாத நோய்க்கு டாக்டர்" என்று ஒரு பேராசிரியர் பட்டப்பெயர் வைத்தார். அக்கா அதை ஒரு அட்டையில் எழுதித் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

முதல் ஆய்வு, தேர்வுக்கு முன்னால் கவனம் கூடுவதற்காக மாத்திரை விழுங்கும் மாணவர்களைப் பற்றியது. ஒரு வருடம் விடுதியின் துணி துவைக்கும் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். துணி சுற்றி முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது, பேசித்தான் ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. அடுத்தது சரக்குக் கிடங்கு. அங்கே தொழிலாளிகளுக்கு முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு இரும்புச் சட்டம் கொடுத்திருந்தார்கள். மாட்டினால் ஒருவர் மூன்று பேர் சுமையைத் தூக்கலாம். அக்கா தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் பெட்டி இறக்கினாள். கழற்றிய பிறகு ஒரு வாரம் தன் முதுகு வேறு யாருடையதோ போல இருந்தது என்றாள். அந்தப் புத்தகத்தில் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தனி அத்தியாயம் உண்டு.

அந்தக் கிடங்கில் ஒரு தொழிலாளியிடம், "இதக் கழட்டிட்டு வேலை செய்யணும்னா செய்யலாமா?" என்று கேட்டாள். அவர் கையிலிருந்த பெட்டியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செய்யலாம்" என்றார். அக்கா "செய்யலாம்" என்று எழுதினாள். புத்தகத்திலும் அப்படியே அச்சாயிற்று. புத்தகம் வந்த இரண்டாம் மாதம் சட்டத்தைக் கழற்றியதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அக்கா அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கோபப்படவில்லை. "நான் அத சட்டுனு சொல்லலியே அம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவளிடம் ஒரு விதி. நேர்காணலில் ஒருவர் மூன்று வினாடிக்கு மேல் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தையும் எழுத வேண்டும், எத்தனை வினாடி என்ற கணக்கோடு. அவளுடைய குறிப்பேட்டில் இடப்பக்கம் சொன்னது, வலப்பக்கம் சொல்லாதது. அந்த விதிக்காகவே வெளிநாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவன் நான், அவளுடைய ஒரே தம்பி. மற்றவர்கள் பேசாமல் இருந்ததை எண்ணியே இருபது வருடம் பிழைத்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நானும் அதிகம் பேசுகிறவனில்லை.

இனி அந்த நாள்.

காலையில் விசாரணைக்குக் கோப்புகளைச் சுமந்துகொண்டு போக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உலகத்தில் யார் கண்ணாடி அழுக்காக இருந்தாலும் அவருக்குக் கை பரபரக்கும்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு சந்தேகம்."

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"இருபது வருஷத்துச் சந்தேகம்."

"அதனாலதான் வேண்டாம்."

"நான் விக்கிற கண்ணாடியும் மனுஷன மேம்படுத்தறதுதானே. என்னையும் ஒரு நாள் விசாரணையில ஏத்துவியா?"

"தெரியாத கண்ணுக்குத் தெரிய வைக்கிற. அது பழுது பாக்கறது. நல்லாத் தெரியற கண்ணுல, சுவருக்கு அந்தப் பக்கம் தெரியற மாதிரி ஒண்ண மாட்டி, இத மாட்டுனாத்தான் உனக்கு வேலைன்னு ஒரு முதலாளி சொல்லட்டும். அன்னைக்கு உன் கடைக்கு வர்றேன்."

"வா. சொந்தக்காரங்கன்னு தள்ளுபடி போட்டுத் தர்றேன்."

அக்கா சிரித்தபடி கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உனக்கென்னடா? பேசப் போறது நானா நீயா? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"தூக்கம் இல்ல" என்றேன். அது மட்டும் உண்மை.

அன்று அவள் பேசவேண்டியது காதுப் பொட்டைப் பற்றி. ஆறு வருட ஆய்வு அது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற, சட்டைப் பொத்தான் அளவு ஒரு பட்டை. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. செவிலியர்கள் பொட்டு என்றே அழைத்தார்கள். ஒட்டிக்கொண்டால் பதினான்கு மணி நேரம் கண் சொக்காது, கை தடுமாறாது. ஒரு பெரிய மருத்துவமனையில் சோதனையாகக் கொடுத்திருந்தார்கள். மருந்தின் அளவில் நேர்கிற தவறுகள் பாதியாகக் குறைந்தன. அதை அக்கா முதல் பக்கத்திலேயே மனமார எழுதியிருந்தாள். அவள் பொட்டுக்கு எதிரி அல்ல.

இதை எல்லா மருத்துவமனைகளிலும் நிரந்தரமாக்கலாமா என்று தீர்மானிக்க அரசு ஒரு குழு அமைத்திருந்தது. செவிலியரின் சம்மதத்தை அந்தந்த வார்டின் மேற்பார்வையாளரே வாங்கிக்கொள்வார் என்பது மருத்துவமனை சொன்ன ஏற்பாடு. அக்கா தன் குழுவோடு அறுபத்திரண்டு செவிலியர்களை நேர்காணல் செய்து, "வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தாள். ஐம்பத்து நான்கு பேர் தயங்காமல் முடியும் என்றிருந்தார்கள். அந்தப் பதில்களின் அட்டவணையை நம்பித்தான் அவள், அனுமதிக்கலாம் என்று எழுதியிருந்தாள். பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்றே ஒரு புதிய மையம் திறக்கவிருந்தது. தலைமைப் பதவி அக்காவுக்குத்தான் என்று காற்றுவாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அறுபத்திரண்டில் முப்பத்தேழாவது என் மனைவி.

அவள் அதே மருத்துவமனையில் ஐந்தாம் மாடி வார்டில் செவிலி. நேர்காணலுக்குப் போனதை அக்காவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அவளிடம் கேள்வி கேட்டது அக்காவின் ஆராய்ச்சி மாணவி. நாங்கள் அவளைச் சின்ன டாக்டர் என்போம். அப்போதுதான் சேர்ந்திருந்ததால் என் மனைவியை அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு வாரத்தில் மட்டும் பதினாறு பேரைச் சந்தித்ததில் எது யாருடைய பேச்சு என்று அவளுக்கே குழம்பியிருந்தது. பதிவுகள் வெறும் எண்ணோடுதான் என்னிடம் வரும். முப்பத்தேழைக் காதில் மாட்டியதும், "கேளுங்க" என்கிற குரல். என் வீட்டுக் குரல்.

தெரிந்த குரலாக இருந்தால் பதிவை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் அக்காவின் விதி. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டேன்.

"வேண்டாம்னு உங்களால சொல்ல முடியுமா?"

நாற்பத்தொரு வினாடி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை நாற்காலி நகர்ந்தது. தொலைவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு, "சொல்லலாம். யாரும் கட்டாயப்படுத்தல" என்றாள்.

அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. இரட்டை வேலை நாட்களில் அவள் வீடு திரும்பும்போது, "உன்னால சமாளிக்க முடியுதில்ல?" என்று நான் கேட்பேன். அப்போதும் அவள் அப்படித்தான் இருப்பாள். பிறகு "முடியுது" என்பாள். நான் அந்த "முடியுது"வை மட்டும் எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவேன்.

அடைப்புக்குறி போட்டு "மௌனம்" என்று தட்டச்சு செய்தேன். நாற்பத்தொன்று என்றும் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். பத்தில் ஒரு பதிவை அக்கா தானே கேட்டுச் சரிபார்ப்பாள். முப்பத்தேழு அதில் வரவில்லை.

விசாரணை மண்டபம் ஒரு பழைய அலுவலகத்தின் இரண்டாம் மாடி. நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் குழுவின் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஜன்னலை ஒட்டி மருத்துவமனைத் தரப்பு வக்கீல். பொதுமக்களுக்கு ஆறு வரிசை நாற்காலி. கடைசி வரிசையில் சீருடையோடு ஏழெட்டுச் செவிலியர்கள். அவர்களில் என் மனைவியும் இருந்தாள். மார்பில் தலைகீழாகத் தொங்கும் சின்னக் கடிகாரம், காதுக்குப் பின்னால் பொட்டு. நான்கு மணிக்கு அவளுக்கு வேலை.

காலை அமர்வில் அக்கா பேசியதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்தது. குற்றம் செய்தவனுக்கும் அக்கா அக்காதான். பொட்டால் பிழைத்த நோயாளிகளைப் பற்றிச் சொன்னாள். பொட்டைக் கழற்றிய மறுநாள் பெற்ற பிள்ளையின் பெயரை ஒரு நிமிடம் மறந்துபோன தாயைப் பற்றிச் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். எதையும் உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

பிறகு வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர்.

"அம்மாவோட முறையப் பத்தி ஒரு வார்த்தை. மூணு செகண்டுக்கு மேல ஒருத்தர் பேசாம இருந்தா அதையும் குறிக்கறவங்க. நாலாவது நேர்காணல்ல அஞ்சு செகண்டுன்னு இருக்கு. பத்தொன்பதுல எட்டு செகண்டு. இப்ப முப்பத்தேழ வாசிக்கறேன். கேள்வி, வேண்டாம்னு உங்களால சொல்ல முடியுமா? பதில், சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்தல." அவர் தாளைத் தாழ்த்தினார். "நடுவுல ஒண்ணுமே இல்ல. அம்மாவோட கணக்குப்படி மூணு செகண்டுகூட யோசிக்கல. இதவிடச் சுதந்திரமான சம்மதம் வேற எங்க கிடைக்கும்? மேற்பார்வையாளர் கேட்டா என்ன, யார் கேட்டா என்ன?"

அக்காவின் விதியே, நான் அழித்த இடத்தை ஒரு சாட்சியாக ஆக்கிவிட்டிருந்தது. வேறு யாருடைய ஆய்வாக இருந்தாலும் அந்த வெற்றிடத்துக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தேன். என் மனைவி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தோம் என்பது அவளுக்குத் தெரியும். அதைத் தட்டச்சு செய்கிறவன் யார் என்பதும் தெரியும். எட்டு மாதமாக ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. தான் எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொண்டவளின் முகம் அது.

மதிய இடைவேளையில் அக்கா மாடிப்படியில் டீயோடு உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு படி கீழே நின்றேன்.

"அக்கா, அந்த முப்பத்தேழு."

"நல்லா வாசிச்சாருல்ல? எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."

"அதுல ஒரு மௌனம் இருக்கு. நான் எழுதல."

அக்கா கோப்பையைப் படியில் வைத்தாள். "எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு."

அவள் பேசவில்லை. கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். பழக்கதோஷம், நான் எண்ணினேன். பன்னிரண்டு வரை போயிற்று.

"ஏன் எழுதல?"

"தெரிஞ்ச குரல் அக்கா. அது வந்து..."

"நிறுத்து." கையையும் உயர்த்தினாள். "யாருன்னு சொல்லாத. அவங்க எண்ணா வந்தாங்க. எண்ணாவே இருக்கட்டும். தெரிஞ்ச குரல்னா என்ன செய்யணும்?"

"திருப்பிக் குடுக்கணும்."

"கையெழுத்துப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"வேற எத்தனை?"

"இது ஒண்ணுதான். சத்தியமா."

"அத நான் எப்படிடா நம்பறது?"

இருபது வருடத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு, இன்று எழுதவும் கூசுகிற ஒன்றைச் சொன்னேன். "நீ ஒண்ணும் சொல்லாம விட்டுட்டா யாருக்கும் தெரியாது அக்கா. அறுபத்திரண்டுல ஒண்ணு. மையத்துக்கு உன்னத்தான் போடப் போறாங்க. இன்னைக்குப் போய்..."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டீ ஆறிடுச்சு. இன்னொண்ணு வாங்கிட்டு வா. நான் அஞ்சு நிமிஷம் இங்க உக்காரணும்" என்றாள்.

டீயோடு திரும்பி வந்தபோது குறிப்பேடு அவள் மடியில் திறந்திருந்தது. வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி. "37. விடுபட்டது: 41."

மதிய அமர்வு தொடங்கியதும் அக்கா கை உயர்த்தி, முதலில் பேச அனுமதி கேட்டாள்.

"காலையில வாசிச்ச முப்பத்தேழாவது நேர்காணல்ல, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல நாப்பத்தொரு செகண்டு மௌனம் இருக்கு. எங்க அறிக்கையில அது இல்ல. அத நான் இப்பதான் தெரிஞ்சுகிட்டேன். இந்த ஒண்ணு விட்டுப் போயிருந்தா இன்னும் எத்தனை விட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. அதனால அந்த அட்டவணைய நான் திரும்ப வாங்கிக்கறேன். எல்லாத்தையும் முதல்லருந்து கேக்கணும். மூணு மாசம் வேணும்."

மண்டபத்தில் நாற்காலிகள் அசைந்தன. தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மௌனத்துக்கு என்ன பொருள்னு சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாது அம்மா. முடியாதுன்னு நெனச்சிருக்கலாம். வீட்டுல அடுப்ப அணைச்சோமான்னும் யோசிச்சிருக்கலாம். ஆனா அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அது பொய்."

"பொய்ங்கிறது பெரிய வார்த்தை."

"இதவிடச் சின்னதா ஒண்ணு எனக்குக் கிடைக்கல."

"யாரோட தவறு இது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அறிக்கையில என் பேர் இருக்கு" என்றாள்.

வக்கீல் எழுந்தார். "பதிவு இருக்குமே. போட்டுக் காட்டுங்க. கேட்டுட்டு நாங்களே முடிவு பண்றோம்."

"அத அவங்க என்கிட்ட குடுத்தாங்க. உங்ககிட்ட குடுக்கல."

"நான் பேச்சக் கேக்கலியே. வெறும் மௌனம். அதுல குரல்கூட இல்ல. என்ன ரகசியம் போயிடப் போகுது?"

"குரல் இல்லாட்டியும் அது அவங்களோடது. அவங்க சொல்லாம நான் போட மாட்டேன்." அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆனா நாப்பத்தொரு செகண்டுங்கிறது எவ்வளவு நேரம்னு வேணா காட்டலாம். குழு அனுமதிச்சா."

தலைவி தலையசைத்தார்.

அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் கைகளைக் கட்டாமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள்.

முதல் பத்து வினாடி ஒன்றுமில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. பதினைந்தில் வக்கீல் தாளைப் புரட்டினார், பிறகு அந்தச் சத்தம் தனக்கே கேட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார். இருபதில் ஒருவர் இருமினார். அதற்குப் பிறகு சகிக்க முடியவில்லை. குழுவில் ஒருவர் மேசையைப் பார்த்தார், இன்னொருவர் கூரையைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்தல என்றுகூட. முப்பதில் தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். என் மனைவி தலைகுனிந்திருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. மார்பிலிருந்த கடிகாரத்தை விரலால் நிமிர்த்திப் பிடித்து, நோயாளியின் நாடியைப் பார்ப்பது போல எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நன்றி" என்றாள் அக்கா.

ஒரு மனிதரைப் பெரியவர் என்று எப்போது அறிகிறோம் என்று நான் யோசித்ததுண்டு. புத்தகங்களும் பட்டங்களும் வரவேற்புகளும் அக்காவுக்கு நிறையவே இருந்தன. எனக்கோ அவள் ஒன்றும் செய்யாமல் நின்ற அந்த நேரம்தான். ஆறு வருட உழைப்பு கண்ணெதிரே சரிவதை அவள் அறிவாள். அப்போதும் யாருடையது என்று அவளுக்கே தெரியாத ஒரு மௌனத்துக்குக் காவல் நின்றாள்.

குழு மூன்று மாதம் தள்ளிவைத்தது. நடையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மாமா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருந்தார். விஷயத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் அக்காவின் கண்ணாடியை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார்.

என் மனைவி எங்களை நோக்கி வந்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரம் அவள் நடையில் இருந்தது. என்னைத் தாண்டி அக்காவின் முன்னால் நின்றாள்.

"நாப்பத்தி மூணு ஆச்சு அண்ணி. ரெண்டு செகண்டு கூட நின்னுட்டீங்க."

அக்கா கண்ணாடி இல்லாத கண்களால் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் அவளை.

"அப்படியா? சரியா எண்ணுனியா?"

"எண்ணிக்கிட்டே இருக்கற வேலைதானே எனக்கும்."

"சரி" என்றாள் அக்கா. என் மனைவியின் தோளில் கை வைத்தாள். "நேரமாகுது பாரு. போ."

கதை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் அந்த மண்டபத்திலிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வைப்பதில் எனக்குச் சாமர்த்தியம் போதாது.

அறுபத்திரண்டு பதிவுகளையும் சின்ன டாக்டரும், நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் முதலிலிருந்து கேட்டார்கள். என்னைக் கேட்க விடவில்லை. ஒன்று என்று நான் சத்தியம் செய்திருந்தேன். ஏழு இருந்தது. மற்ற ஆறையும் நான் வேண்டுமென்று விடவில்லை. என் காதில் விழவே இல்லை. நினைவைப் பற்றி நான் இத்தனை பயப்படுவது அதனால்தான்.

ஐம்பத்து நான்கு, நாற்பத்தேழாகக் குறைந்தது. பொட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சம்மதத்தை மேற்பார்வையாளர் வாங்கக் கூடாது, வெளி அலுவலகம் ஒன்று மூடிய உறையில் வாங்க வேண்டும், யார் வேண்டாம் என்றார் என்பது வார்டுக்குத் தெரியக் கூடாது என்று குழு விதித்தது. அந்த ஏற்பாடு அக்கா எழுதியது. முதல் மாதமே அந்த மருத்துவமனையில் மூன்றில் ஒரு பங்குப் பொட்டுகள் திரும்பி வந்தன. இப்போது வேறு பல நாடுகளிலும் அதே உறைதான்.

மையத்தின் தலைமை அக்காவுக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அதே பழைய அறையில், அதே அட்டையை மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். புத்தகத்தின் முன்னுரையில் இப்படி எழுதினாள்: "இந்த ஆய்வில் ஏழு மௌனங்கள் முதலில் விடுபட்டன. தவறு என்னுடையது." சின்ன டாக்டர் இப்போது பெரிய டாக்டர். தன் மாணவர்களுக்கு அந்த முன்னுரையைத்தான் முதலில் வாசிக்கக் கொடுக்கிறாள். வக்கீல் அக்காவின் பிரிவுபசார விழாவுக்கு வந்து கடைசிவரை இருந்தார். மாமா இன்னமும் கடைக்குப் போகிறார். சந்தேகமும் தீரவில்லை. அக்கா அதன்பின் எனக்குத் தட்டச்சு வேலை கொடுக்கவில்லை, என்னோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என் மனைவி அதே ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். அவள் காதுக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு மறுவாரம் அவள் தன் பதிவின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பங்கேற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பிரதி வந்த உறை பல வருடங்களாக எங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தது. நேர்காணலுக்குச் சம்மதித்தபோதே அது யார் காதுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாற்பத்தொரு வினாடி சின்ன டாக்டருக்குத் தந்த பதிலா, எனக்குத் தந்ததா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

நேற்று, வெயிலா மழையா என்ற பேச்சு முடிந்த பிறகு, அவள் இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க" என்றாள்.